ஆகஸ்டில் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள்: டெக்சஸ் மவுன்டன் லாரல் வளர்ப்பு

பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ ஆஸ்டின், சான் அன்டோனியோ பக்கம் காரை விட்டு இறங்கியதும் குப்பென்று திராட்சை வாசம் அடித்தால், பக்கத்தில் எங்கோ மவுன்டன் லாரல் பூத்திருக்கிறது. இங்குள்ளவர்கள் கூல்-எய்ட் என்ற பானப்பொடியின் வாசம் என்பார்கள். போவன்டோ பாட்டிலைத் திறந்த மாதிரி என்றால் நமக்குச் சட்டென்று புரியும். ஊதாப் பூக்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். ஒரு கொத்து விரல் நுனி முதல் மணிக்கட்டு வரையான நீளத்துக்குக்கூட வரும். ஒவ்வொரு பூவும் அவரைப் பூ, அகத்திப் பூ வகை அமைப்புதான், ஏனென்றால் இதுவும் அவரைக் குடும்பத்துச் செடி. இரண்டு, மூன்று வாரத்தில் பூக்காலம் முடிந்துவிடும். மற்ற பதினொரு மாதமும் பளபளக்கும் கரும்பச்சைப் புதராக நிற்கும். இலையை மொத்தமாக உதிர்க்காது.

பெயரை முதலில் சரி பண்ணிக்கொள்ளலாம், இதில் ஆபத்து இருக்கிறது. லாரல் என்று பெயர் இருந்தாலும் பிரியாணிக்குப் போடும் பிரிஞ்சி இலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கடையில் 'பே லாரல்' என்று விற்கும் செடியின் இலை சமையலுக்கு ஆகும். இந்த மவுன்டன் லாரலின் இலை, பூ, விதை எல்லாமே விஷம். அமெரிக்கக் கிழக்குக் கரையோர மலைகளில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும் இன்னொரு 'மவுன்டன் லாரல்' உண்டு. அது அமில மண், ஈரக் காடு என்று கேட்கும் வேறு குடும்பத்துச் செடி. இணையத்தில் தேடும்போது அதற்கான குறிப்புகளைப் படித்துவிட்டு இதற்கு அமில உரம் போட்டு வீணடிப்பவர்கள் நிறைய. அதனால் தேடும்போது அறிவியல் பெயரைப் போட்டுத் தேடுங்கள்: டெர்மட்டோஃபில்லம் செகன்டிஃப்ளோரம். பழைய புத்தகங்களிலும் பல நர்சரிச் சீட்டுகளிலும் சோஃபோரா செகன்டிஃப்ளோரா என்று இருக்கும். 2011-ல்தான் இந்தப் பெயர் மாறியது. இரண்டும் ஒரே செடி. டெர்மட்டோஃபில்லம் என்றால் தோல் போன்ற இலை. இலையை விரலால் தேய்த்துப் பார்த்தால் பெயர் ஏன் வந்தது என்று தெரிந்துவிடும்.

இது பிறந்த இடத்தைப் பார்த்தால் வளர்க்கும் முறை பாதி புரிந்துவிடும். மத்திய டெக்சஸின் எட்வர்ட்ஸ் பீடபூமி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மேல்மண் சில இடங்களில் நாலு விரற்கடைகூட இருக்காது. அங்கிருந்து மேற்கே பிக் பென்ட் பாலைவனம், சிசோஸ் மலைச் சரிவுகள், நியூ மெக்சிகோவின் தென்கிழக்கு ஓரம், தெற்கே மெக்சிகோவுக்குள் வெகுதூரம் வரை இதுதான் இதன் வீடு. பாறை வெடிப்பில் வேரை இறக்கி, மழை பெய்த அரை மணியில் தண்ணீர் வடிந்துபோகும் சரிவில் நிற்கும். வெயில், காரத்தன்மை, வறட்சி மூன்றையும் தாங்கும். இது தாங்காத ஒன்று உண்டு: வேரடியில் தேங்கும் தண்ணீர்.

மொட்டு எப்போது வருகிறது

நன்றாக வளர்ந்த செடி பூக்கவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பகுதிக்குக் காரணம் ஒன்றே. மார்ச்சில் பூக்கும் பூவின் மொட்டு, அதற்கு முந்தைய கோடையின் பிற்பகுதியிலேயே கிளை நுனியில் உருவாகிவிடுகிறது. வசந்தத்தில் பூ முடிந்ததும் புதுத் துளிர் விடும். அந்தத் துளிர் முற்றி, ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் அதன் நுனியில் அடுத்த ஆண்டுக்கான மொட்டுக் கொத்து கட்டும். இலையிடுக்கில் உற்றுப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கும் குறைவான, மங்கிய பழுப்பில் பஞ்சு ஒட்டியது போன்ற ஒரு குட்டிக் கதிர் இருக்கும். அதில் மிளகைவிடச் சிறிய முடிச்சுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். பார்ப்பதற்குக் காய்ந்துபோன நுனி மாதிரியே இருப்பதால், 'காய்ஞ்சதை வெட்டி விடலாமே' என்று கிள்ளிப் போட்டுவிடுவார்கள். அது அப்படியே குளிர்காலம் முழுக்க உறங்கும். பிப்ரவரியில் வெயில் ஏறியதும் அஸ்பாரகஸ் குருத்து மாதிரி நீண்டு, ஊதா நிறம் காட்டும்.

ஆக, கவாத்துக்கு வருஷத்தில் ஒரே ஒரு சன்னல்தான்: பூ உதிர்ந்த நாளிலிருந்து சுமார் ஆறு வாரம். ஏப்ரலில் தொடங்கி மே நடுவுக்குள் முடித்துவிட வேண்டும். ஜூனில் வெட்டினால் பூ குறையும். ஆகஸ்டிலோ அக்டோபரிலோ வேலி சமப்படுத்தும் இயந்திரத்தால் உருண்டையாகச் சீவினால் அடுத்த மார்ச்சில் ஒரு பூகூட இருக்காது. புல் வெட்ட வரும் ஆட்களுக்கு எல்லாப் புதரும் ஒரே மாதிரிதான் தெரியும். அவர்களிடம் இந்தச் செடியைக் காட்டி 'இதைத் தொட வேண்டாம்' என்று சொல்லி வைப்பது எந்த உரத்தையும்விடப் பலன் தரும்.

வெட்டுவது என்றாலும் கொஞ்சமாக வெட்டுங்கள். இது மெதுவாக வளரும் செடி, வெட்டியதை ஈடுகட்ட ஆண்டுகள் ஆகும். மொத்தத் தழையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் ஒரே பருவத்தில் எடுக்கக் கூடாது. இயற்கையில் அடியிலிருந்தே பல தண்டுகளாகக் கிளைத்துப் புதராகத்தான் வரும். சிறு மரமாக்க விரும்பினால் நேராக நிற்கும் மூன்று அல்லது ஐந்து தண்டுகளை வைத்துக்கொண்டு, கீழ்ப் பக்கக் கிளைகளை ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போங்கள். என்னைக் கேட்டால் இதை உருண்டையாக வெட்டுவது பாவம். தண்டு வளைந்து நெளிந்து, கருஞ்சாம்பல் பட்டையோடு நிற்பதில்தான் பூ இல்லாத மாதங்களில் இதன் அழகே இருக்கிறது.

கத்தரிக்கோல் படாமலே பூக்காவிட்டால்

முதலில் வயதைப் பாருங்கள். விதையிலிருந்து வந்த செடி பூக்க ஐந்து ஆண்டு முதல் பத்து ஆண்டு வரைகூட ஆகலாம். மூன்றடிச் செடியை வாங்கி நட்டுவிட்டு அடுத்த வசந்தத்திலேயே எதிர்பார்ப்பது நியாயமில்லை. நட்ட முதல் இரண்டு ஆண்டு அது வேர் விடுவதில்தான் முனைப்பாக இருக்கும்.

அடுத்தது வெயில். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். பெரிய ஓக் மரத்தடியில் செடி பச்சையாக உயிரோடு இருக்கும், ஆனால் நெட்டையாகி, வெயில் பக்கக் கிளையில் மட்டும் நாலு கொத்து பூக்கும்.

அதற்கடுத்தது அன்புத் தொல்லை. புல்தரைக்குப் போடும் உரத்தில் தழைச்சத்து தூக்கலாக இருக்கும். அது வேர்ப்பரப்பில் விழுந்தால் செடி இலையாகவே தள்ளும், மொட்டு கட்டாது. புல்தரைத் தெளிப்பான் வாரத்துக்கு மூன்று முறை நனைத்தாலும் இதே கதை, கூடவே வேரழுகலும் வரும். நிலத்தில் நின்றுவிட்ட செடிக்கு உரமே தேவையில்லை. மணலாக, சத்தே இல்லாத மண் என்றால் வசந்தத்தில் ஒரு முறை மட்கிய எருவை மேலாக ஒரு அங்குலம் பரப்பினால் போதும்.

கடைசிக் காரணத்துக்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. செடி சுமார் 10 டிகிரி பாரன்ஹீட், அதாவது மைனஸ் 12 செல்சியஸ் வரை தாங்கும். மொட்டு அவ்வளவு தாங்காது. பிப்ரவரியில் மொட்டு நீளத் தொடங்கிய பிறகு கடும் உறைபனி விழுந்தால் அந்த ஆண்டுப் பூ போச்சு. 2021 பிப்ரவரிப் பனிப்புயலுக்குப் பிறகு மத்திய டெக்சஸில் அந்த மார்ச்சில் பல தெருக்களில் ஊதா நிறமே இல்லை. டல்லாஸ் பக்கம் வசிப்பவர்கள் இதற்குக் கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டும். செடி பிழைக்கும், ஆனால் சில ஆண்டுகள் பூ இராது. தெற்கு அல்லது மேற்குச் சுவர்ப் பக்கம், சுவருக்கு ஆறடி தள்ளி நட்டால் சுவர் சேமித்த சூடு கொஞ்சம் காப்பாற்றும். குட்டிச் செடியானால் பழைய போர்வையைத் தரை வரை இழுத்து மூடலாம். பிளாஸ்டிக் தாளை இலைமேல் நேரடியாகப் போட்டால் பட்ட இடமெல்லாம் கருகும்.

உறைபனியில் இலை பழுப்பானதும் செடி செத்துவிட்டது என்று தோண்டிவிடாதீர்கள். நகத்தால் தண்டுப் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மே மாதம் வரை காத்திருந்து, துளிர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்த பிறகே காய்ந்ததை வெட்ட வேண்டும்.

நடவு

அக்டோபர், நவம்பர் சிறந்த காலம். மேலே குளிர்ந்தாலும் மண் உள்ளே சூடாக இருக்கும், அடுத்த கோடைக்குள் வேர் இறங்கிவிடும். மார்ச் மாதத்தில் பூச்செடிக் கடையில் பூவோடு பார்த்து மயங்கி வாங்கி நட்டால், முதல் கோடை முழுக்க வாளியோடு நிற்க வேண்டியிருக்கும்.

வாங்கும்போது பெரிய செடிதான் நல்லது என்று நினைக்காதீர்கள். தொட்டியில் நெடுநாள் கிடந்த செடியின் ஆணிவேர் அடியில் முட்டிச் சுருண்டிருக்கும். நிலத்தில் வைத்தாலும் அந்தச் சுருள் பிரியாது. தொட்டியைச் சாய்த்து அடி ஓட்டையைப் பாருங்கள். பென்சில் தடிமனில் வேர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அடுத்த செடிக்குப் போங்கள். ஐந்து காலன் தொட்டியில் இரண்டு, மூன்றடி உயரச் செடி கிடைத்தால் அதுவே சரியான தேர்வு. காட்டிலோ காலி மனையிலோ நிற்பதைத் தோண்டி வந்து நடும் யோசனையை விட்டுவிடுங்கள். ஆணிவேர் பாறைக்குள் போயிருக்கும், அறுத்தால் செடி பிழைப்பது அபூர்வம். வீட்டுக்குள்ளேயே இடம் மாற்றுவதும் அப்படித்தான். அதனால் முதலிலேயே இடத்தைத் தீர்மானித்து நடுங்கள். பத்து முதல் பதினைந்தடி உயரமும் எட்டு, பத்தடி அகலமும் வரும் என்று கணக்கு வையுங்கள்.

குழி தொட்டியைப் போல இரண்டு மடங்கு அகலம், ஆழம் தொட்டி மண்கட்டியைவிட ஒரு அங்குலம் குறைவு. செடியின் கழுத்துப் பகுதி தரைமட்டத்துக்கு மேலே ஒரு அங்குலம் தூக்கலாக நிற்க வேண்டும். குழியில் எருவும் தொட்டி மண்ணும் போட்டு மெத்தை செய்யாதீர்கள். கெட்டி மண்ணுக்கு நடுவில் பொலபொலப்பான குழி என்றால் மழைத் தண்ணீர் அதற்குள்தான் வந்து தேங்கும், வேரும் வெளியே போகாமல் அங்கேயே சுற்றும். தோண்டிய மண்ணையே திருப்பிப் போட்டு, தண்ணீர் ஊற்றி அமுங்க விடுங்கள்.

குழியில் வடிகாலைச் சோதித்துவிட்டு நடுவது நல்லது. குழி நிறையத் தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, மணிக்கு ஒரு அங்குலமாவது இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கவில்லை என்றால் அந்த இடத்தில் குழி நடவு வேண்டாம். டல்லாஸிலிருந்து ஆஸ்டினின் கிழக்குப் பக்கம் வழியாக ஓடும் கரிசல் நிலப்பட்டையில் இதுதான் பிரச்சினை. மழையில் ஊறி உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். நம் கோவில்பட்டிக் கரிசலின் ஒன்றுவிட்ட தம்பி. அங்கே தரைமேல் ஒன்று முதல் ஒன்றரையடி உயரத்துக்கு, ஐந்தாறடி அகலத்தில் மேடு கட்டி அதன் உச்சியில் நட வேண்டும். மேட்டுக்கு, உள்ளூர் மண் பாதி, சிதைந்த கருங்கல் பொடி பாதி கலந்தால் போதும். கட்டுமானக் கல் விற்கும் இடங்களில் இந்தப் பொடி மலிவாகக் கிடைக்கும்.

மேலே இரண்டு, மூன்று அங்குலத்துக்கு மூடாக்குப் போடுங்கள். மரச்சில்லு ஆகும், சரளைக்கல் இதற்கு இன்னும் பொருத்தம். தண்டைச் சுற்றி நாலு அங்குலம் வெற்றிடமாக விடுங்கள்.

தண்ணீர் விடுவதற்கு எளிய வழி: ஐந்து காலன் வாளியின் அடியில் எட்டில் ஒரு அங்குல ஓட்டை இரண்டு போட்டு, செடியின் பக்கத்தில் வைத்து நிரப்பிவிட்டுப் போய்விடலாம். சொட்டுச் சொட்டாக ஆழம் வரை இறங்கும். முதல் கோடையில் மழை இல்லாத வாரத்துக்கு ஒரு வாளி. இரண்டாம் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. மூன்றாம் ஆண்டுக்கு மேல் மழையே இல்லாமல் போகும் மாதத்தில் மட்டும் ஒரு முறை. விரலை மூன்று அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் அந்த வாரம் வாளியே வேண்டாம். இலை மஞ்சளாகி உதிர்வதைப் பார்த்ததும் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றுவதுதான் வழக்கமான தவறு. வறட்சியில் இலை மங்கிச் சுருளும். அடி இலையிலிருந்து மஞ்சள் ஏறி, மண்ணும் ஈரமாக இருந்தால் அது வேர் மூச்சுத் திணறல்.

விதையிலிருந்து

காய் சாம்பல் பழுப்பில், மரம் போலக் கெட்டியாக, விதைக்கு விதை இடுங்கி மணிமாலை போல இருக்கும். தானாக வெடிக்காது, சுத்தியலோ குறடோ வேண்டும். உள்ளே செக்கச்செவேலென்று, மஞ்சாடி விதையைவிடப் பெரிதாக, அரை அங்குல அளவில் விதைகள். பார்த்ததும் பல்லாங்குழிக்கு எடுத்து வைக்கத் தோன்றும். வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது.

அந்தச் சிவப்புத் தோல் தண்ணீரே உள்ளே போகாத அளவுக்குக் கடினம். அப்படியே விதைத்தால் ஆண்டுக்கணக்கில் கல் மாதிரி கிடக்கும். இரண்டு வழி உண்டு.

எளிய வழி, தோல் கெட்டிப்படுவதற்கு முன்பே எடுப்பது. கோடைப் பிற்பகுதியில் காய் முழுதாகப் பருத்து, பச்சை மங்கிப் பழுப்பேறத் தொடங்கும்போது ஒன்றைப் பிளந்து பாருங்கள். விதை முழு அளவில், ஆனால் சிவப்பாக இல்லாமல் ரோஜா நிறத்தில், நகம் பதியும் மென்மையில் இருந்தால் அதுதான் பதம். அன்றைக்கே, உலர விடாமல் ஊன்றினால் விதை நேர்த்தி எதுவும் தேவையில்லை.

முற்றிய சிவப்பு விதைதான் கையில் இருக்கிறது என்றால் அரத்தால் தேய்க்க வேண்டும். விதையில் காயோடு ஒட்டியிருந்த தழும்பு ஒன்று தெரியும். அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில், முக்கோண அரத்தால் சிவப்பு போய் உள்ளே வெளிறிய நிறம் தெரியும் வரை மட்டும் தேயுங்கள். அதைத் தாண்டிப் பருப்பில் இறங்கினால் அழுகும். விதையைக் குறடால் பிடித்துக்கொள்ளுங்கள், விரலால் பிடித்தால் வழுக்கி நகம் போய்விடும். இதை வீட்டுக்கு வெளியே, கையுறையும் முகமூடியும் போட்டுச் செய்யுங்கள், ஏனென்றால் அந்தத் தூளும் விஷம். தேய்த்த விதையைச் சாதாரணத் தண்ணீரில் ஓர் இரவு, அதிகம் போனால் 24 மணி நேரம் ஊற வையுங்கள். உயிருள்ளது உப்பிப் பெரிதாகும். உப்பாததை மறுபடி தேயுங்கள். கொதிநீர் ஊற்றும் முறையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சில விதைக்குப் பலிக்கும், சிலது வெந்துவிடும், எது எது என்று முளைக்கும் வரை தெரியாது. நர்சரிகளில் அடர் கந்தக அமிலத்தில் போட்டு எடுப்பார்கள். அது வீட்டில் செய்யும் வேலை இல்லை.

ஊறியதை உடனே ஊன்ற வேண்டும். ஆழம் முக்கால் அங்குலம். தொட்டி உயரமாக இருக்கட்டும், குறைந்தது பத்து அங்குலம், ஏனென்றால் ஆணிவேர் முதலில் இறங்கிய பிறகுதான் மேலே இலை தெரியும். இரண்டு பங்கு பருமணல் அல்லது பெர்லைட், ஒரு பங்கு தொட்டி மண். மண் சூடு 70 முதல் 85 பாரன்ஹீட்டில் இருந்தால் ஒன்று முதல் நான்கு வாரத்தில் முளை வரும். முளைத்த பிறகு மேல்மண் காய்ந்த பின்னரே தண்ணீர், இல்லையென்றால் கழுத்தழுகல் வந்து ஒரே நாளில் சாயும். முதல் ஆண்டில் ஒரு சாண் வந்தாலே நல்ல வளர்ச்சி. பதியனும் குச்சி நடவும் வீட்டில் முயன்று வெற்றி காண்பது கஷ்டம், அதில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

கம்பளிப்பூச்சி

மான் தின்னாது, ஆடும் பெரும்பாலும் ஒதுக்கும். ஆனால் ஜெனிஸ்டா என்ற அந்துப்பூச்சியின் புழுவுக்கு இந்த விஷம்தான் விருந்து. ஆரஞ்சு கலந்த பச்சை உடல், மேலே கருப்பும் வெள்ளையுமான புள்ளிகள், அங்கங்கே நீளமான வெள்ளை முடி, ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட நீளம். செடியின் நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதால் பறவைகள் தொடுவதில்லை. அந்தப் பளிச்சென்ற நிறமே அதற்கான எச்சரிக்கைப் பலகை.

வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரை பல தலைமுறைகளாக வரும். இளந்துளிரைத்தான் குறிவைக்கும். நுனியில் மெல்லிய நூலாம்படை, அதற்குள் கருப்புக் கடுகு போன்ற எச்சம், நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, இவைதான் அடையாளம். முதிர்ந்த மரம் இதனால் சாகாது. ஆனால் ஆகஸ்ட் தாக்குதலில் நுனி போனால் மொட்டும் சேர்ந்து போகும். மூன்றடிச் செடி இரண்டு நாளில் மொட்டையாகி, ஓர் ஆண்டு வளர்ச்சியை இழக்கும்.

ஏப்ரலிலிருந்து வாரம் ஒரு முறை நுனிகளைப் பார்த்தால் போதும். பத்து இருபது புழு என்றால் கையுறையோடு பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். அதிகமானால் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் (குர்ஸ்டாகி வகை) என்ற பாக்டீரியா மருந்து, எல்லாத் தோட்டக் கடையிலும் பி.டி. என்று கிடைக்கும். இது புழுவின் வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும், அதனால் இலையின் இரு பக்கமும் நனைய வேண்டும். வெயிலில் சிதைந்துவிடும் என்பதால் மாலையில் தெளியுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு முறை. அரை அங்குலத்துக்குக் குறைவான புழுவுக்கு நன்றாகக் கேட்கும், பெரிதாகிவிட்டால் கைதான் மருந்து. பூத்திருக்கும்போது எந்தப் பூச்சிக்கொல்லியும் வேண்டாம், செடி முழுக்கத் தேனீயும் தச்சன் வண்டும் மொய்த்துக்கொண்டிருக்கும்.

சிவப்பு விதை

விதையில் இருப்பது சைட்டிசின் என்ற ஆல்கலாய்டு. உடம்பில் நிக்கோடினைப் போல வேலை செய்யும்: வாந்தி, எச்சில் ஊறல், தலைசுற்றல், மிஞ்சினால் வலிப்பு, மூச்சுத் தசைகள் செயலிழப்பது வரை போகும். கடினத் தோல் உடையாமல் முழுதாக விழுங்கிய விதை பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். கடித்தது, நொறுக்கியது, அரம் போட்டது, ரோஜா நிறத்தில் மென்மையாக இருப்பது, இவைதான் ஆபத்து. குழந்தை வாயில் போட்டுவிட்டால் கடித்ததா இல்லையா என்று ஆராய்ச்சி பண்ணாமல் உடனே விஷமுறிவு மையத்தை அழையுங்கள்: 1-800-222-1222, அமெரிக்கா முழுக்க 24 மணி நேரமும் உண்டு. மூச்சுத் திணறலோ வலிப்போ இருந்தால் நேராக 911.

இதே விதையை வடக்கு மெக்சிகோவிலும் டெக்சஸிலும் பழங்குடி மக்கள் நெடுங்காலமாக மணியாகக் கோத்து அணிந்திருக்கிறார்கள். பீகோஸ் ஆற்றுப் பக்கத்துக் குகைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையான விதைகள் கிடைத்திருக்கின்றன. சடங்கில் உட்கொண்டதும் உண்டு, ஆனால் மயக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவில் இடைவெளி மிகச் சிறிது. இந்த விதைக்கு உள்ள மெஸ்கல் பீன் என்ற இன்னொரு பெயரைக் கேட்டு மெஸ்கல் சாராயத்தோடும், பெயோட்டி என்ற கள்ளிச்செடியில் உள்ள மெஸ்கலின் என்ற போதைப்பொருளோடும் முடிச்சுப் போடுகிறார்கள். இரண்டுமே இதில் இல்லை.

டெக்சஸ் பள்ளிப் பிள்ளைகள் இந்த விதையைச் சிமென்ட் தரையில் பரபரவென்று தேய்த்து, பக்கத்துப் பையன் கையில் வைத்து அலற விடுவார்கள். நம் ஊரில் கழற்சிக்காயை வைத்துச் செய்யும் அதே சூடு கொட்டை விளையாட்டு, விதைதான் வேறு. விதை முழுசாக இருக்கும் வரை தேய்ப்பதில் சூட்டுக் காயம் தவிர வேறு ஆபத்தில்லை. தேய்ந்து தோல் ஓட்டையான விதையை வாயில் போட்டால்தான் வம்பு.

ஊருக்குப் போகும்போது நாலு விதையைப் பையில் போட்டுக்கொண்டு போகலாமா என்ற ஆசை வரும். அனுமதிச் சீட்டும் தாவர நலச் சான்றும் இல்லாமல் விதையை இந்தியாவுக்குள் கொண்டுபோவது சட்டப்படி தவறு. அதை மீறிக் கொண்டுபோனாலும், குளிர்காலக் குளிர்ச்சியே இல்லாத சென்னைக் காற்றில் இதை வளர்த்துப் பூக்க வைப்பது வெறும் சூதாட்டம்.

வீட்டில் சின்னப் பிள்ளைகளோ, எதையும் மெல்லும் நாயோ இருந்தால் செடியையே வெட்ட வேண்டியதில்லை. பூ உதிர்ந்து இரண்டு, மூன்று வாரத்தில் பச்சைப் பிஞ்சுகள் விரல் நீளத்துக்குத் தொங்கும். கவாத்து செய்யும் அதே நாளில் காம்போடு எல்லாவற்றையும் கத்தரித்துவிடுங்கள். காய் முற்ற வைக்கச் செலவாகும் சக்தி புதுத் துளிருக்குப் போகும், அந்தத் துளிரில்தான் அடுத்த ஆண்டு மொட்டு. எட்டாத உச்சியில் விட்டுப்போனவை குளிர்காலத்தில் ஒவ்வொன்றாகக் கீழே விழும். அவற்றைக் கூட்டி, எருக்குழியில் போடாமல், கட்டிய பையில் குப்பைக்கு அனுப்புங்கள்.